ரசனை மாறிவிட்டால் பழைய புத்தகங்களை என்ன செய்வது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை நேரம் போகக் கதை எழுதுகிறவர். வீட்டில் அறுநூறு புத்தகம் சேர்ந்துவிட்டதாம். கல்லூரி நாட்களில் விழுந்து விழுந்து படித்தவற்றை இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை, இடமும் இல்லை, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்கிறார். கூடவே இன்னொரு கவலை: இப்படி ரசனை மாறிக்கொண்டே இருந்தால் என் எழுத்து எதில் நிற்கும்?

தம்பி, கழிப்பதை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். இன்றைய ரசனையை வைத்து நேற்றைய புத்தகத்தைக் கழித்துவிட்டுப் பிறகு நான் தேடி அலைந்திருக்கிறேன். எழுதுகிறவன் வீட்டு அலமாரிக்கு வாசகன் வீட்டு அலமாரியைவிட ஒரு வேலை கூடுதல். எந்த வயதில் நம் காதில் எந்தப் பேச்சு விழுந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

நானும் உங்களைப் போலத்தான். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதிய கதைகள் முப்பது இருக்கும்; பாதி சிறுபத்திரிகைகளில் வந்தன. புத்தகம் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தது. 2023 வெள்ளத்தில் நானூறு போயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் சேகரிப்பின் முதல் புத்தகத்தை நான் வாங்கவில்லை. திருநெல்வேலி டவுனில் எங்கள் ஆச்சி வீட்டு அரங்குவீட்டில், நெல் குதிருக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதில் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது தாத்தா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணியது. மணியம் படங்கள், பக்கத்து ஓரத்தில் தைல விளம்பரம், தலைவலி மாத்திரை விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கும். மூன்றாம் பாகத்தில் பைண்டர் ஓரத்தைக் கூடுதலாக வெட்டிவிட்டார். வலது பக்கம் வரிக்கு வரி கடைசி எழுத்து இருக்காது. ஆச்சி மத்தியானம் பட்டாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கும்போது அந்த எழுத்துகளைத் தானே போட்டுக்கொண்டு நிற்காமல் போவாள். எனக்குப் பத்து வயது. நான் படிக்க முயன்றபோதுதான் எழுத்து இல்லை என்பதே தெரிந்தது. வந்தியத்தேவனைவிட அந்த வெட்டுப்பட்ட ஓரம்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதே வயதில் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது, 1984இல் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது. எங்களுக்குச் சிவகாசி தூரமில்லை. பழைய புத்தகக் கடையில் படித்ததைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் வேறொன்று கிடைக்கும். அதனால் கையில் எதுவும் தங்கவில்லை. தங்கியிருந்தால் இன்று பெட்டியில் பூட்டி வைத்திருப்பேன்.

கல்லூரியில் மாத நாவல், சுஜாதா, வாடகை நூலகம். சுஜாதாவின் வேகம் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. சின்ன வாக்கியம், வெடுக்கென்ற பதில், பாதியில் வெட்டி அடுத்த காட்சி. என் முதல் கதையை அப்படித்தான் எழுதினேன். வாகையடி முக்கில் இரண்டு பேர் நின்று ஒரு நிலத் தகராறு பேசுகிறார்கள். ஆபீஸில் மூத்தவர் ஒரு அண்ணாச்சி, நிறைய வாசித்தவர். அவரிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, இந்த ரெண்டு பேரும் எந்த ஊர்க்காரங்க? வாகையடி முக்குல எவன் இப்படிப் பேசுதான்?”

எனக்குப் பதில் இல்லை. மறுநாள் அவர் கொண்டு வந்து கொடுத்தது புதுமைப்பித்தன் கதைகள். 1906இல் பிறந்து 1948இல் போய்விட்ட மனிதர், நம் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர். அவர் கதைகளில் பிள்ளைமார் வீட்டுப் பேச்சு அச்சில் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிற்று. எங்கள் வளவில் தினமும் கேட்கிற பேச்சு அது. அதைப் புத்தகத்தில் போடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதன் கடைசி வெற்றுப் பக்கத்தைச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த தேதியையும் ஒரு வரியையும் கடைசிப் பக்கத்தில் எழுதுவது என் வழக்கம். ‘செல்லம்மாள்’ கதைக்கு அதில் மூன்று குறிப்பு இருக்கிறது.

1988: “ஒன்றுமே நடக்கவில்லை. நீளம்.”

1999: “அவள் மூச்சு அடங்குவதில் கதை தொடங்குகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு எப்படி நம்மை உட்கார வைக்கிறார்?”

2016: “நோயாளியோடு தனியாக இருப்பவன் அழுவதில்லை. அவனுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.”

மூன்றாவது குறிப்பு எங்கள் அம்மாவை நான்கு மாதம் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதியது. செல்லம்மாளின் கணவர் பிரமநாயகம் பிள்ளை வெந்நீர் போடுவதும் அடுப்புப் பார்ப்பதும் இருபத்திரண்டு வயதில் எனக்கு ‘ஒன்றுமே நடக்காத’ பக்கங்களாகத் தெரிந்தன. 1988இல் நான் அந்தப் புத்தகத்தைக் கழித்திருந்தால்? அந்த வயதின் ரசனைப்படி அது கழிக்க வேண்டிய புத்தகம்தான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். அன்று உயிராக இருந்தது இன்று சப்பென்று ஆகும். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான். அப்படிப்பட்ட புத்தகத்தை எடுத்து, எந்தப் பக்கத்தில் பிடிமானம் விட்டுப்போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு உரையாடலில் விடும், அல்லது ஆசிரியர் நடுவில் வந்து உணர்ச்சியை நமக்கு விளக்கும் இடத்தில் விடும். அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு, நீங்கள் அதே வருஷம் எழுதிய கதையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே பிசகு உங்கள் கதையிலும் இருக்கும். என் கதைகளில் இருந்தது. ரசனை மாறுவதால் எழுத்து நிலையில்லாமல் போகும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கு நடந்தது வேறு: ரசனை முன்னால் போயிற்று, கை நாலைந்து வருஷம் கழித்து அதைப் பிடித்தது. இடையில் இருக்கும் அந்த வருஷங்கள் கஷ்டமானவை. எழுதுவது எதுவும் நமக்கே பிடிக்காது. அந்தக் காலத்தில் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

புதுமைப்பித்தனுக்குப் பிறகு எனக்குப் பசி ஊர்ப் பக்கம் திரும்பியது. பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923 என்ற ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து கி.ரா. 1982இல் கொண்டுவந்த சொல்லகராதியை நான் நாவல் மாதிரிப் படித்தேன். டவுன் பையனான எனக்கு அதில் பாதிச் சொல் புதிது. ஆற்றுப் பாசனத்துக்காரன் பேச்சும் கரிசல்காட்டு மானாவாரிக்காரன் பேச்சும் ஒன்றில்லை என்று அதில்தான் புரிந்தது. நெல்லைத் தமிழ் என்று ஒரே தமிழாகச் சொல்லுகிறோமே, அது சரியில்லை. பாளையங்கோட்டையில் நான் தினமும் சைக்கிளில் கடந்துபோன தெருவின் பெயரிலேயே வண்ணநிலவன் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ எழுதியிருந்தார். டவுன் தெருக்களின் வெயிலும் வாசல்படியும் வண்ணதாசன் கதைகளில் கிடைத்தன. ஐந்தாறு வருஷம் ஊர் எழுத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அது அதிகம்தான். அப்போது நான் எழுதிய கதைகளில் வட்டாரச் சொல் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

அதிலிருந்து என்னை வெளியே இழுத்தவை ஏற்கெனவே அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த சோவியத் புத்தகங்கள். எண்பதுகளில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இங்கே மிக மலிவாகக் கிடைத்தன. கெட்டி அட்டை, நல்ல தாள், நூல் தையல். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, தாஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’, பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்தவை எல்லாம் அப்படி வந்தவை. விலைக்காக வாங்கி வைத்தேன், படிக்கவில்லை. 1991க்குப் பிறகு அவை வருவது நின்றது. நின்ற பிறகுதான் படித்தேன். வட்டாரச் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி எழுந்து வந்து நம் முன்னால் நிற்கிறான் என்று அவற்றில் பார்த்தேன். படிக்காமல் வாங்கி வைத்திருக்கும் புத்தகங்களைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம் தம்பி. அவற்றைக் கடைசியாகக் கழியுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் கதையே பிடிக்காமல் போன ஒரு காலமும் வந்தது. அப்போது தொ. பரமசிவன். பாளையங்கோட்டைக்காரர், 2020 டிசம்பரில் காலமானார். ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் உப்பு, எண்ணெய், தேங்காய் என்று வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு நம்மைச் சில நூற்றாண்டு பின்னால் கூட்டிக்கொண்டு போவார். அங்கிருந்து கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, அப்புறம் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி அவர் நம் ஊர்க் கவிராயர்கள் வீட்டுக்கெல்லாம் வந்த பக்கங்களை வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியதில் இந்தத் தெருக்களுக்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டத்தில் நான் ஒரு கதைகூட எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய கதைகளில்தான் அடுக்களையும் குதிரும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தன.

சரி, வெள்ளம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே தாமிரபரணி பெருகி இரவோடு இரவாகச் சந்திப்புப் பக்கம் ஊருக்குள் வந்தது. என் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கம். கட்டிலுக்கு மேல் தண்ணீர். கைக்கு எட்டியதைத் தட்டட்டிக்கு ஏற்றினோம். கீழ் இரண்டு தட்டுகளும் போயின.

தண்ணீர் வடிந்த பிறகு சேறு படிந்த புத்தகங்களை மூட்டை கட்டிப் பாளையங்கோட்டை மேட்டில் இருக்கும் அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் ஊரும் ஆற்றங்கரைதான். நனைந்த புத்தகத்தை உடனே விரிக்கக் கூடாது, தாள் கையோடு வரும். நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை வடியவிட வேண்டும். பிறகு இருபது பக்கத்துக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, அது ஊறியதும் மாற்ற வேண்டும். வெயிலில் போட்டால் அட்டை கோணிப் பசை வெடிக்கும். நிழலும் மின்விசிறியும் போதும். இரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். நிறைய இருந்தால் பாலிதீன் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். வழவழப்பான ஆர்ட் தாள் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால் செங்கல்தான், பிரியாது. ஓவியப் புத்தகங்கள் இரண்டை அப்படி இழந்தேன். வெறும் பசையில் ஒட்டிய புதிய பதிப்புகள் தாள் தாளாகக் கழன்றன. நூல் தையல் போட்ட மாஸ்கோ புத்தகங்கள் வீங்கின, நாறின, ஆனால் ஒரு பக்கம் கழலவில்லை. தாத்தா பைண்டு பண்ணிய ஐந்து பாகமும் அப்படியே பிழைத்தது. அதிலிருந்து புத்தகம் வாங்கும்போது முதுகைப் பார்க்கிறேன். மடிப்பு மடிப்பாகத் தைத்திருந்தால் நாலு காசு கூடக் கொடுக்கலாம்.

கரையானும் ராமபாணப் பூச்சியும் தினப்படி எதிரிகள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரற்கடை விடுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு புத்தகத்தையும் வெளியே எடுத்துத் தட்டி வையுங்கள். கை படாத புத்தகத்தைத்தான் பூச்சி முதலில் தேடிப் போகும்.

வெள்ளம் வந்த மாதம் முழுக்க வேறு எதையும் படிக்க முடியவில்லை. ‘முக்கூடற்பள்ளு’ மட்டும் படித்தேன். சீவலப்பேரிப் பக்கம் ஆறுகள் கூடும் இடத்துப் பாட்டு. மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுவதைப் பார்த்து, ஆற்று வெள்ளம் நாளை வரும் என்று பள்ளர்கள் குறி சொல்லும் இடம் அதில் உண்டு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி மறந்த பாட்டு. மேற்கே கேரளத்து மலையில் பெய்வதும் கிழக்கே இலங்கைப் பக்கம் கடலிலிருந்து ஏறி வருவதும் என்று இரண்டு மழை நம் ஆற்றுக்கு உண்டு என்பதை அந்த ஒரு வரி வைத்திருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் என் ரசனை பள்ளுப் பாட்டில் வந்து நிற்கும் என்று கல்லூரியில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது கழிக்கும் விஷயம். நான் கழிப்பவை இவை: ஒரே நூலின் இரண்டாம் பிரதி (குறிப்பு எழுதாத பிரதியாக இருந்தால்), யாரோ அன்பளிப்பாகக் கொடுத்து மூன்று முறை முயன்றும் ஒட்டாதவை, எந்த நூலகத்திலும் சுலபமாகக் கிடைப்பவை. புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் போட்டுவிட்டன, ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த செம்பதிப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் கதை எப்போது எங்கே வந்தது, பாடம் எங்கே மாறியது என்ற விவரம் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு அது பெரிய படிப்பு. நாட்டுடைமை நூல்களும் பழைய பதிப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றுக்கு அலமாரியில் இடம் அடைக்க வேண்டாம்.

கழிக்கவே கூடாது என்று நான் நினைப்பது, நீங்கள் ‘மட்டம்’ என்று ஒதுக்கும் மலிவு மாத நாவல்களை. 1995இல் ஒரு சாக்கு நிறைய எடைக்குப் போட்டேன். சாணித்தாள், கிழிந்த அட்டை, யார் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் எண்பதுகளின் பஸ் ஸ்டாண்டை ஒரு கதைக்குள் கொண்டுவர உட்கார்ந்தபோது, அந்தக் காலத்து ஜனங்கள் எதைப் பார்த்து ஆசைப்பட்டார்கள், என்ன விலைக்கு என்ன வாங்கினார்கள் என்று அந்த விளம்பரப் பக்கங்களில்தான் இருந்திருக்கும் என்று உறைத்தது. நல்ல இலக்கியம் மறுபதிப்பு வரும். அவை வராது.

கொடுப்பதென்றால் எடைக்குப் போடாமல் ஆளுக்குக் கொடுங்கள். பள்ளிக்கூடமோ ஊர் நூலகமோ என்றால் முதலில் பட்டியல் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், மூட்டையாக இறக்கிவிட்டு வரக் கூடாது. தொ.மு.சி. ரகுநாதன், கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த நம் ஊர்க்காரர், சேர்த்த நூல்கள் எட்டயபுரத்துக்குப் போய் அவர் பெயரிலேயே நூலகமாயின. ஒருவர் சேர்த்தது சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தால், அவர் எதிலிருந்து எதற்குப் போனார் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய சேகரிப்பு நமக்கில்லை. ஆனாலும் என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பிரிக்காமல் ஒரே கையில் கொடு என்று.

இரவல் கொடுக்கலாமா என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கொடுங்கள். நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு கொடுங்கள். அழகிரிசாமி கதைத் தொகுதி ஒன்றை வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பக்கத்துத் தெரு மாணவி வாங்கிப் போயிருந்தாள். அது கீழ்த்தட்டுப் புத்தகம். பொங்கலுக்கு முந்தின நாள் கொண்டுவந்து கொடுத்தாள், அட்டை போட்டு, உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து. ‘அன்பளிப்பு’ கதைப் பக்கத்தில் டிக்கெட் இருந்தது. எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

உங்கள் அறுநூறையும் படித்த வருஷப்படி அடுக்கிப் பாருங்கள், ஆசிரியர் பெயர்ப்படி வேண்டாம். ஞாபகம் வராதவற்றைத் தனியே வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்த வருஷம் எங்கே திரும்பினீர்கள் என்று கண்ணுக்கே தெரியும். அதற்குப் பிறகு கழிப்பதை முடிவு பண்ணலாம். கடைசிப் பக்கத்தில் தேதியும் ஒரு வரியும் எழுதுவது என் வழக்கம் என்று சொன்னேனே, நீங்களும் எழுதுங்கள், ஆனால் பென்சிலில். நான் இருபது வருஷம் மைப்பேனாவில் எழுதினேன். தண்ணீர் பட்டதும் அந்தப் பக்கங்கள் நீலமாகக் கரைந்துவிட்டன. புதுமைப்பித்தன் மேல்தட்டில் இருந்ததால் அந்த மூன்று வரியும் தப்பியது. நனைந்த மற்றவற்றில் பென்சிலில் எழுதியவை மட்டும் இன்றைக்கும் படிக்கிற மாதிரி இருக்கின்றன.